பதினேழாவது முகவரி

மனிதவளப் பிரிவில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. நேர்காணலுக்கு வந்து தேர்வாகாத 63 பேருக்கு வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. எக்செல் பட்டியலிலிருந்து முகவரிகளை மொத்தமாக எடுத்து ஒட்டினேன். ஒட்டியது, பெறுபவர்களை ஒருவருக்கொருவர் மறைக்கும் பிசிசி கட்டத்தில் அல்ல, அதற்கு மேலிருந்த, எல்லா முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும் சிசி கட்டத்தில். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

கால் மணி நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் குரலை உயர்த்தவில்லை. "மேடம், அந்தப் பட்டியலில் பதினேழாவது பெயர் என் மேலதிகாரியுடையது. நான் வேறு வேலை தேடுவது அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் தேடுவது எனக்கும் தெரிந்துவிட்டது. நாளைக் காலையில் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிப்பது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

முகவரிதானே, அதில் என்ன ரகசியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒருவருடைய முகவரி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே அவரைப் பற்றிய செய்தி என்பது அன்றுதான் உறைத்தது.

தட்டச்சு இயந்திரக் காலத்தில் அசலை உருவி எடுத்துவிட்டு, கார்பன் நகலில் மட்டும் மூன்றாமவர் பெயரைத் தட்டுவார்கள். அசலைப் பெறுபவருக்கு அந்தப் பெயர் தெரியாது. மின்னஞ்சலும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் அனுப்பும்போது மென்பொருள் முதலில் சர்வரிடம் யார் யாருக்குச் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முகவரியாகச் சொல்கிறது. இது உறையின் மேல் எழுதும் விலாசம். அதன் பிறகே கடிதத்தைக் கொடுக்கிறது. பிசிசியில் இருப்பவர்களின் பெயர் உறைக்குப் போகும், கடிதத்தின் தலைப்பில் வராது. பெறுபவர் பிரித்துப் பார்ப்பது கடிதத்தை மட்டுமே.

ஆனால் இது இரும்புத்திரை அல்ல. பிசிசியில் நகல் பெற்றவர் 'அனைவருக்கும் பதில்' என்பதை அழுத்தினால், அது டு (நேரடிப் பெறுநர்), சிசி கட்டங்களில் உள்ள எல்லோருக்கும் போய், தானும் அங்கே இருந்ததை அவரே காட்டிக்கொடுத்துவிடும். சக ஊழியருக்கு எழுதும் கடிதத்தில் மேலாளரை பிசிசியில் ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அது ஒட்டுக்கேட்க ஆள் வைப்பது. பலருக்கு ஒரே கடிதம் போகும்போது அவர்களை ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் காப்பதுதான் பிசிசியின் நல்ல வேலை.

2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதி பெற்றிருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. 245 பேரின் முகவரிகள் டு கட்டத்தில் இருந்தன. இருவர் அனைவருக்கும் பதில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே குறிப்பிட்டிருந்தார். அது தாலிபான் கைக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதைப் படித்தபோது, எனக்கு வந்த அந்தத் தொலைபேசிக் குரல்தான் மறுபடியும் காதில் கேட்டது.

இப்போது முகவரியைக் கடைசியாகத்தான் இடுகிறேன். டு கட்டத்தில் என் முகவரி மட்டும் இருக்கும், மற்றவர்கள் பிசிசியில். வேலை, உடல்நலம், கடன் சம்பந்தப்பட்டவை என்றால் பிசிசியையும் நம்புவதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் தயாரிக்கும் மெயில் மெர்ஜ் வசதி மூலம் ஆளுக்கொரு கடிதமாகப் போகும். ஒரு கடிதத்தில் ஒரே முகவரி இருக்கும்போது, கட்டம் மாறினாலும் யாரும் வெளிப்பட மாட்டார்கள்.

அன்று மாலை 63 பேருக்கும் மன்னிப்புக் கடிதத்தைத் தனித்தனியாகவே அனுப்பினேன். பழைய மின்னஞ்சலை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டேன். முடிக்க இரவு ஒன்பது மணி ஆனது. பதினேழாவது முகவரிக்கு எழுதியதை மட்டும் நான்கு முறை படித்துப் பார்த்தேன், என்னை யாரோ அழைத்துப் பேசியதன் சாயல்கூட அதில் இருந்துவிடக் கூடாது என்று.