பிப்ரவரி 1

இன்னைக்கு மொரீசியஸில் அரசு விடுமுறை. 1835இல் இதே நாளில்தான் அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நஷ்டஈடும் கொடுத்தார்கள். யாருக்கு? முதலாளிகளுக்கு! பிரிட்டிஷ் காலனிகள் மொத்தத்துக்கும் 2 கோடி பவுண்டு. கரும்பு வெட்டின ஆப்பிரிக்கர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. 'பயிற்சி' என்று பேர் வைத்து 1839 வரை அதே முதலாளிகளிடம் வேலை வேறு.

அதற்குள் நம்மாட்களைக் கப்பலேற்ற ஆரம்பித்தாயிற்று. மெட்ராஸிலிருந்தும்தான். 5 வருஷ ஒப்பந்தம், மாசம் 5 ரூபாய், அரிசி பருப்பு தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்துக்கொள்வார்கள். 'டபுள் கட்' என்று பேர். மாசத்தில் பாதி நாள் போகாவிட்டால் கையில் பூஜ்யம்.