சாம்பிளில் மட்டும் ஒரு டிக்

மைக்ரோசாஃப்டின் தரவு அலசும் மென்பொருளான அனாலிசிஸ் சர்வீசஸில் ரோல், அதாவது யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி, போட்டுப் பழகியவர்களுக்கு அந்த செக்பாக்ஸ் தெரிந்திருக்கும். டைமென்ஷன் டேட்டா, அதற்குள் அட்வான்ஸ்டு, எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்ற பெட்டிகள் எல்லாம் தாண்டி அடியில் ஒதுங்கிக் கிடக்கும்: 'எனேபிள் விஷுவல் டோட்டல்ஸ்'. டிக் போட்டால், பார்ப்பவருக்கு அனுமதியுள்ள வரிகளை மட்டும் கூட்டி மொத்தம் காட்டும். போடாவிட்டால் மறைத்து வைத்ததையும் சேர்த்த முழு மொத்தம் வரும். நாமாகப் போடும்வரை டிக் இருக்காது. போட்டால் வேகம் குறையும் என்பது உண்மை. முன்கூட்டியே கூட்டி வைத்த அக்ரிகேஷனை அப்படியே எடுத்து நீட்ட முடியாது, ஆளுக்கு ஆள் மொத்தம் மாறுமே.

அந்த டிக்கை நான் சாம்பிள் டேட்டாபேஸில் போட்டேன். நிஜ க்யூபில், அதாவது எங்கள் கம்பெனி ஆட்களின் இன்சென்டிவ் கணக்கு இருக்கும் தரவுத் தொகுப்பில், போடவில்லை. இரண்டுக்கும் அன்று என்னிடம் காரணம் இருந்தது. இன்றும் அதே காரணங்களைத்தான் சொல்வேன். பிறகு ஏன் எழுதுகிறாய் என்றால், யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

ரிப்போர்ட் எடுக்கும் எம்ஐஎஸ் டீமுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நிஜ டேட்டாவில் கை வைத்துப் பழக விட முடியாது, அதனால் வழக்கம்போல மைக்ரோசாஃப்ட் தரும் சாம்பிளான அட்வென்ச்சர் வொர்க்ஸ். இல்லாத ஒரு சைக்கிள் கம்பெனி. 18,484 வாடிக்கையாளர்கள், இணைய விற்பனையில் 60,398 வரிகள். இந்தத் தொழிலில் இருக்கும் பாதிப்பேருக்குச் சொந்தக் கம்பெனியின் கணக்கைவிட இந்தக் கம்பெனியின் கணக்குதான் அத்துப்படி. பேக்கப் ஃபைலை ரீஸ்டோர் செய்வது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிகிற வேலை. ஆக்சஸ்தான் இழுத்தது. அனாலிசிஸ் சர்வீசஸில் தனியாக ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு உருவாக்கிக் கொடுக்க முடியாது. விண்டோஸ் கணக்கு மட்டும்தான். அதனால் அந்தக் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பயிற்சிக்கென்று ஒரு குரூப், அதற்கு செக்யூரிட்டி டீமிடம் டிக்கெட், அந்த டிக்கெட்டுக்கு இன்னொரு அப்ரூவல். அது வரும்வரை காத்திருக்க முடியாமல் எல்லோரையும் சர்வர் அட்மினாகப் போட்டுவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படிச் செய்பவன் இல்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. இருக்கட்டும்.

மறைப்பு என்றால் என்ன என்று அவர்களே உணரட்டும் என்று பயிற்சி ரோலில் வாடிக்கையாளர் நாடுகளிலிருந்து அமெரிக்காவை மட்டும் நீக்கியிருந்தேன். ஆறு நாட்டில் ஐந்து தெரியும். எக்செல்லில் பிவோட், அதாவது தொகுப்பு அட்டவணை, போட்டால் ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன். அடியில் கிராண்ட் டோட்டல் 2,93,58,677.22 டாலர். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடைசி வரி உறுத்தவில்லை. அட்மினுக்கு ரோல் எதுவும் பொருந்தாது, அவன் எப்போதும் எல்லாவற்றையும் பார்ப்பான். வருடக்கணக்காக நான் பார்த்துப் பழகிய மொத்தமும் அதுதான்.

மேற்கு மண்டலத்தின் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பின்வரிசையில் இருந்தாள்.

"சார், அமெரிக்கா எவ்வளவுன்னு சொல்லட்டா?"

"உங்க ரோல்ல அமெரிக்கா வராதேம்மா."

"வரலைதான் சார். ஆனா 93,89,789 டாலர், 52 சென்ட்."

என் விண்டோவில் பார்த்தேன். 93,89,789.51. ஒரு சென்ட் இடித்தது, ரவுண்டிங்கில் வந்த ஒரு சென்ட். பிவோட்டுக்குக் கீழே காலியாக இருந்த செல்லில் ஐந்து நாட்டையும் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்திருக்கிறாள். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அந்த ஒரு சென்ட் வித்தியாசம்தான் அவள் திருட்டுத்தனமாக எதையும் திறக்கவில்லை, கழித்துத்தான் எடுத்தாள் என்பதற்குச் சாட்சி.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு விஷுவல் டோட்டல்ஸ் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். உற்சாகமாகவே விளக்கினேன், பயிற்சி நோட்ஸில் இல்லாத விஷயம் அது. அவள் கவனமாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

"நம்ம இன்சென்டிவ் க்யூப்ல அந்த டிக் இருக்கா சார்?"

"அது பிசினஸ் எடுக்கற முடிவும்மா. இப்ப சாம்பிளைப் பாருங்க."

இவ்வளவுதான் நடந்தது.

இந்த இரண்டு வரியை எத்தனையோ விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். 'இருக்கு' என்று சொல்லியிருந்தால் பொய். 'இல்லை' என்று சொல்லியிருந்தால், அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அடுத்தவர் இன்சென்டிவைக் கண்டுபிடிக்கும் வழியை நானே பாடமாக நடத்தியது போல ஆகியிருக்கும், வழியைப் பத்து நிமிடம் முன்புதான் போர்டில் எழுதியிருந்தேன். ஆகவே நான் சொன்னதுதான் சொல்லக்கூடிய ஒரே பதில். ஆனால் அந்தப் பதிலும் 'இல்லை'தான். இருந்திருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனே. அவளுக்கு இது புரியாமல் இருக்காது. கணக்கைக் கழித்தவளுக்கு என் பேச்சைக் கழிக்கத் தெரியாதா?

கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை. அவள் கேட்டது தன்னுடைய இன்சென்டிவைப் பற்றியும்தான் என்று எனக்குத் தோன்றியதே வெகுநாள் கழித்துத்தான். என்னுடையதும் அந்த மொத்தத்துக்குள் இருக்கிறதா, யாராவது கழித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். நான் அவளை எண்ணைத் தோண்டுபவளாக மட்டுமே வைத்துப் பதில் சொன்னேன்.

நிஜ க்யூபில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மண்டலத் தலைவருக்கும் தன் மண்டல வரிகள் மட்டும், அடியில் கம்பெனி மொத்தம். மண்டலங்கள் பல இருப்பதால் கழித்தால் மற்றவை எல்லாம் சேர்ந்த ஒரே எண்தான் வரும், தனித்தனியாக வராது, அதனால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். பிவோட்டைக் கையில் எடுக்காதவர்கள் சொல்வது அது. பதவி என்ற ஃபில்டரை இழுத்துப் போட்டு, கம்பெனி முழுக்க இரண்டே பேர் இருக்கும் பதவியைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் மண்டலம். மொத்தத்தில் அவரைக் கழித்தால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு மனிதரின் இன்சென்டிவ், பைசா சுத்தமாக. புள்ளிவிவரம் வெளியிடும் அரசுத் துறைகளுக்கு இது பழைய தலைவலி. அட்டவணையில் ஒரு கட்டத்தை மறைத்தால், கழித்து எடுத்துவிடக் கூடாதென்று கூடவே இன்னொரு கட்டத்தையும் மறைப்பார்கள். அமெரிக்கா 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு படி மேலே போய், வெளியிடும் எண்களிலேயே வேண்டுமென்று சிறு பிசகுகளைக் கலந்தது. நமக்கு ஒரு டிக் போதும்.

அந்த டிக்கை ஏன் போடவில்லை? க்யூபில் என்னென்ன வேண்டும் என்ற டாக்குமெண்டில் தெளிவாக எழுதியிருந்தது: மண்டலத் தலைவர்கள் கம்பெனி மொத்தத்தில் தங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். மொத்தம் இல்லாமல் சதவீதம் ஏது? கையெழுத்துப் போட்டவர்கள் என்னைவிட இரண்டு படி மேலே. அந்த மீட்டிங்கில், மொத்தம் தெரிந்தால் கழித்துக்கொள்ள முடியும் என்று நான் சொன்னேன். சொன்னதாகத்தான் ஞாபகம். மினிட்ஸில் இல்லை. மினிட்ஸ் எழுதியது நானில்லை, ஆனால் அனுப்பியபோது சரிபார்த்து 'ஓகே' என்று பதில் போட்டவர்களில் நானும் ஒருவன்.

வகுப்பு முடிந்த மறுநாள் மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். இன்சென்டிவ் க்யூபில் இப்படி ஒன்று இருக்கிறது, பயிற்சியில் ஒருவர் கேட்டார் என்றேன்.

"யாரு கேட்டது?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. எது, எப்படி, யாருக்கெல்லாம் தெரியும் என்பதெல்லாம் பிறகு வந்தது. நான் பேரைச் சொல்லவில்லை. பொதுவா வந்த சந்தேகம் சார் என்று மழுப்பினேன். "சைன்-ஆஃப் இருக்கில்ல, விடுங்க" என்றார். விட்டேன். மெயிலாக எழுதிப் போட்டிருக்கலாம். போட்டால் யார் கேட்டது என்ற கேள்வியும் மெயிலிலேயே திரும்பி வந்திருக்கும், சேர்ந்து சில மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணின் பேரை நான் எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அவளுக்காகத்தான் எழுதவில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ஓரளவு நிஜமும் அதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம்தான் சாம்பிளில் அந்த டிக்கைப் போட்டேன். மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவில் ரோலைத் திறந்து, வாடிக்கையாளர் டைமென்ஷன், நாடு, அட்வான்ஸ்டு, டிக், ஓகே. நிஜ க்யூபில் இதே வேலைக்குச் சேஞ்ச் ரிக்வெஸ்ட், டெஸ்டிங், மூன்று பேர் சம்மதம். சாம்பிளுக்கு யாரைக் கேட்க வேண்டும்? கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் அந்த ரோலின் பேரைக் கொடுத்து எக்செல்லில் பார்த்தேன். கிராண்ட் டோட்டல் 1,99,68,887.70 ஆகியிருந்தது. ஐந்து நாட்டைக் கூட்டினால் வருவது எதுவோ அதுவே. கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த பேட்ச் வந்தது. யாரும் கழித்துப் பார்க்கவில்லை, பார்த்தாலும் பூஜ்யம்தான். ஒரு பையன், "அப்ப மறைச்சதை எப்படியும் கண்டுபிடிக்க முடியாது, இல்லையா சார்?" என்றான். "இந்த ரோல்ல முடியாது" என்றேன். சுத்தமான உண்மை. அவன் 'இந்த ரோல்ல' என்ற சொற்களைக் கேட்டிருப்பானா, சந்தேகம்தான். பயிற்சி முடித்தவர்கள் எல்லோரும் போய் உட்காரப் போவது வேறு ரோலில்.

சாம்பிள் என்பது நிஜம் எப்படி இருக்குமோ அதை ஆபத்தில்லாமல் காட்டத்தான். நான் ஓட்டையை அடைத்ததற்குப் பதில், ஓட்டையைக் காட்டும் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன் என்று சில நாள் தோன்றும். இன்னொரு நாள், பொறுப்பான எந்த அட்மினும் பயிற்சி வகுப்பில் ஓட்டை போடும் வித்தையைச் சொல்லித்தர மாட்டான் என்று தோன்றும். இரண்டாவதுதான் சரி என்று வாதாட என்னால் முடியும். வாதாட யாரும் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மேற்கு மண்டல ரோலில் ஆக்சஸ் கேட்டு டிக்கெட் வந்தது. முறைப்படி இருந்தது, குரூப்பில் சேர்த்தேன். சர்வரில் ட்ரேஸ் ஓட்டினால் யார் எந்தக் கேள்வி அனுப்பினார்கள் என்று வரிக்கு வரி பார்க்கலாம். பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை. எல்லா பிவோட்டும் மொத்தத்தைக் கேட்கும், யார் கேட்டாலும் ட்ரேஸில் ஒரே மாதிரிதான் தெரியும். கழித்தல் நடப்பது அவரவர் எக்செல்லில், சர்வருக்கு அது தெரியவே தெரியாது. அவள் பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது விடைபெறும் மெயிலில் பயிற்சிக்கு நன்றி என்று எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள். அதில் எதையும் தேடக் கூடாது என்று இருக்கிறேன்.

கொஞ்ச காலம் கழித்து இன்சென்டிவ் க்யூபை டேபுலருக்கு, அனாலிசிஸ் சர்வீசஸிலேயே இருக்கும் இன்னொரு வகை மாடலுக்கு, மாற்றினோம். பாதுகாப்புக்காக அல்ல, பழையதைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனதால். டேபுலரில் ரோலுக்கு வரி ஃபில்டர் போட்டால் மறைந்த வரிகள் கணக்கிலேயே வராது, மொத்தமும் தானாகவே சுருங்கிவிடும். டிக் என்று ஒன்றே கிடையாது. யாரும் முடிவெடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், ஓட்டை அடைபட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

இரண்டாவது வாரமே டிக்கெட் வந்தது: எல்லா மண்டலமும் நூறு சதவீதம் பங்கு காட்டுகிறது, கம்பெனி மொத்தம் பழையபடி வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஃபில்டருக்கு உட்படாத தனி டேபிளில் மொத்தங்களை மட்டும் போட்டு வைக்கலாம். மாதத்துக்கு ஒரு மொத்தம் போதுமா என்று கேட்டேன். பதவி வாரியாகவும் வேண்டும் என்றார்கள். இந்த முறை டிக்கெட்டிலேயே எழுதினேன்: பதவி வாரியாக மொத்தம் கொடுத்தால், இரண்டு பேர் மட்டும் உள்ள பதவிகளில் ஒருவர் மற்றவரின் இன்சென்டிவைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியும். எடுத்துக்காட்டாக அட்வென்ச்சர் வொர்க்ஸின் ஐந்து நாட்டு எண்களையும் போட்டு, மொத்தத்திலிருந்து கழித்து அமெரிக்காவின் எண்ணை எடுத்தும் காட்டினேன், 52 சென்ட்டோடு.

மதியச் சாப்பாட்டுக்கு முன் போட்ட டிக்கெட். மூன்று மணிக்கு அப்ரூவ் ஆகி வந்தது. கமெண்ட் பகுதி காலி. டேபிளைச் செய்து கொடுத்துவிட்டேன்.