தப்புக்கு அடுத்த கேள்வியில்தான் மார்க் போகுது

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்தாச்சு. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் மாவட்ட மைய நூலக வாசலிலும் ஒரே பேச்சுதான்: "ஒரு கேள்வியில போச்சு." எந்தக் கேள்வி என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். அதற்கு அடுத்த கேள்விக்கு எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. சிலபஸ், பள்ளிப் பாடப்புத்தகம், பழைய வினாத்தாள் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதைத் தொடப் போவதில்லை. இது அந்த அடுத்த கேள்வியைப் பற்றி மட்டும்.

தப்பு செய்தபின் மனிதர்கள் மெதுவாகிறார்கள் என்பது பழைய கண்டுபிடிப்பு. பேட்ரிக் ராபிட் 1966இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்தினால், யாரும் சுட்டிக்காட்டாமலே 100 மில்லி வினாடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழும் என்று 1990களில் தெரிந்தது. அதனால் தேர்வு அறையில் ஆன்சர் கீ இல்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். பல தப்புகளைக் கை செய்து முடிக்கும்போதே உள்ளே மணி அடித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இந்தத் தாமதம் மில்லி வினாடிக் கணக்குதான். தேர்வில் அதன்மேல் சந்தேகமும் ஏறிக்கொள்வதால் அரை நிமிடம்கூட ஓடிவிடும்.

ஏன் மெதுவாகிறோம் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, ஜாக்கிரதை: அடுத்த விடைக்கு மனசு கூடுதல் ஆதாரம் கேட்கிறது. இன்னொன்று, அதிர்ச்சி: எதிர்பாராதது நடந்ததும் கவனம் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நிறையத் தப்பு வரும்படி பரிசோதனையை அமைத்தால், அபூர்வமாக வரும் சரியான விடைக்குப் பிறகுதான் ஆட்கள் மெதுவானார்கள். அதாவது தப்பு அல்ல, எதிர்பாராததுதான் நம்மை நிறுத்துகிறது. ஆகவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்த அடி பலமாக விழும். 100 தமிழ்க் கேள்வியில் மூன்று நான்கு மட்டும் தவறவிடுகிறவருக்கு ஒவ்வொன்றும் அதிர்ச்சிதான். நம்ம ஊர்க் கேள்வி வந்தால் இன்னும் மோசம். திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற குளச்சல் போர் 1741 என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவசரத்தில் 1714ஐ நிரப்பிவிட்டால், அடுத்த பக்கம் முழுக்க குளச்சலிலேயே நிற்பார்.

கணக்குப் பகுதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 5000 ரூபாய், 10 சதவீதம், 2 ஆண்டு. கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? விடை 50. அவசரத்தில் 1000 என்ற தனிவட்டியைப் பார்த்ததும் நிரப்பிவிடுகிறார். அடுத்து வேலைக் கணக்கு: ஒருவர் 12 நாளில், இன்னொருவர் 18 நாளில் முடிக்கிற வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? 36/5 என்று நோட்டு ஓரத்தில் வந்தாச்சு, விடையும் ஆப்ஷனில் இருக்கிறது. ஆனாலும் மறுபடி போடுகிறார், கேள்வியை மூன்றாம் தடவை வாசிக்கிறார். போனது முந்தின கேள்வி, தண்டனை இந்தக் கேள்விக்கு.

நேரக் கணக்கு சொன்னால் புரியும். 200 கேள்வி, 180 நிமிடம். கேள்விக்கு 54 வினாடி. தமிழ் 100க்கு 30 வினாடி வீதம் 50 நிமிடம், பொது அறிவு 75க்கு 40 வினாடி வீதம் 50 நிமிடம், திறனறிவு 25க்கு 90 வினாடி வீதம் 38 நிமிடம். மிச்சம் 42 நிமிடம், அதில்தான் வட்டம் நிரப்புவதும் திரும்பிப் பார்ப்பதும். 20 சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் 40 வினாடி என்றால் 13 நிமிடம் காலி. நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் ஒன்றரை மார்க்குக்காக இவ்வளவு துக்கம் அனுசரிப்பது அநியாயம். நீட் எழுதுகிறவர்கள் கதை வேறு. அங்கே தப்புக்கு ஒரு மார்க் கழியும், கொஞ்சம் மெதுவாவது நியாயம்தான்.

உங்களுக்கு இந்த வியாதி இருக்கிறதா என்று பார்க்க:

— 50 கேள்வி மாதிரித் தேர்வு. செல்போன் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு வட்டம் நிரப்பியதும் பக்கத்தில் இருப்பவர் அதில் 'லேப்' பொத்தானைத் தட்ட வேண்டும், ஒவ்வொரு கேள்வியின் நேரமும் தனித்தனியாகப் பதிவாகும்.
— கீ வைத்துத் திருத்துங்கள்.
— ஒவ்வொரு தப்புக்கும், அடுத்த கேள்வியின் நேரத்திலிருந்து முந்தின கேள்வியின் நேரத்தைக் கழியுங்கள்.
— நாலைந்து தேர்வின் சராசரி பாருங்கள். ஒரு தேர்வை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மொத்தச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. களைத்துப் போன இடத்தில்தான் தப்பும் கூடும், வேகமும் மாறும். இரண்டும் கலந்து பொய்க் கணக்கு வரும். அதே தப்பின் முன்னும் பின்னும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிலருக்கு விடை மைனஸில் வரும், அதாவது தப்புக்குப் பிறகு வேகமாகிறார்கள். சூதாட்டம் மாதிரியான பரிசோதனைகளிலும் தோற்றதும் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஆபத்து வேறு: வட்டம் வரிசை மாறும். 87ஐ விட்டுவிட்டு 88இன் விடையை 87இல் நிரப்பி, பத்துக் கேள்வி தாண்டித்தான் கண்டுபிடிப்பார்கள். கறுப்பு பால்பாயின்ட் பேனா, அழிக்க வழியில்லை. இவர்கள் நிரப்பும்போது எண்ணை உதட்டளவில் சொல்லிக்கொண்டே நிரப்ப வேண்டும்.

மற்றவர்களுக்கு மருந்து ஒன்றுதான், இடைவெளி. தப்புக்குப் பின் அடுத்தது உடனே வந்தால் வேகமும் குறைகிறது, சரியாகச் செய்வதும் குறைகிறது. கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் சரியாகச் செய்வது அடிவாங்குவதில்லை. ஆய்வுகளில் அந்த இடைவெளியைக் கணினி கொடுத்தது. தேர்வில் நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்ததும் வினாத்தாள் ஓரத்தில் அந்தக் கேள்வியின் எண்ணைச் சின்னதாக எழுதுங்கள். பேனாவைக் கீழே வையுங்கள். ஐந்து வினாடி, ஒரு மூச்சு. பிறகு அடுத்த கேள்வியின் முதல் சொல்லில் விரலை வைத்துத் தொடங்குங்கள். 20 சந்தேகத்துக்கும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

எண்ணை எழுதுவதைச் சும்மா சடங்கு என்று விட்டுவிடாதீர்கள் மக்களே. பிறகு வருவேன் என்று தாளில் குறித்தால்தான் மனசு அந்தக் கேள்வியைக் கீழே வைக்கும். தொண்டை கிழியச் சொல்லியும் பாதிப்பேர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஐந்து வினாடி எண்ணுகிறார்கள். கை நிற்காமல் மனசு நிற்காது.

கோச்சிங்கில் மாதிரித் தேர்வின் நடுவிலேயே விடை சொல்லித் திட்டுகிற வழக்கம் இருந்தால், அந்த நாளின் லேப் கணக்கைச் சேர்க்காதீர்கள். திட்டு வாங்கியவரின் அடுத்த பத்துக் கேள்வி எதற்கும் அளவுகோல் ஆகாது. தேர்வை வீட்டில் முழு மூன்று மணி நேரம் எழுதி, கீயை மறுநாள் திறப்பதே என் கட்சி. ஆனால் சந்தேகப்பட்ட எண்களை மட்டும் அன்றைக்கே எண்ணிவிடுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் கடைசியில் சரியாக இருந்தால், உங்கள் உள்மணி பொய்யாக அடிக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கடைசி 20 நிமிடத்தில் பழைய விடையை மாற்றவே கூடாது.