முதல் வெரிஃபிகேஷன் வேலை: ஒரு சின்ன ஃபிஃபோவ வச்சு உள்ள போன கதை

எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க முக்காவாசி பேருக்கு ஆர்டிஎல், அதாவது சிப் எப்படி வேலை செய்யணும்னு சொல்ற கோடு, எழுதற டிசைன் வேலை மேலதான் கண்ணு, அந்தக் கோடு சரியான்னு சோதிக்கற வெரிஃபிகேஷன்னா ஏதோ ரெண்டாம் பட்சம்னு நினைப்பு. எனக்கு அப்படி இல்ல, அடுத்தவன் எழுதினதுல ஓட்டை கண்டுபிடிக்கிறது சின்ன வயசுலேர்ந்தே பிடிச்ச விஷயம். ஓப்பனிங் எண்ணிக்கையப் பாத்தாலும் ஃப்ரெஷருக்கு இந்தப் பக்கம்தான் கதவு கொஞ்சம் அகலமா தெறந்திருந்துச்சு.

தேட ஆரம்பிச்சப்ப மத்தவங்க ரெஸ்யூமே சிலத வாங்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒரே ப்ராஜெக்ட்: ஏஎக்ஸ்ஐ விஐபி (சிப்புக்குள்ள பிளாக்குங்க பேசிக்கற ஏஎக்ஸ்ஐ முறைய சோதிக்கற ரெடிமேட் கோடு), யூவிஎம் (சோதனைக் கோடு கட்டறதுக்கான பொது லைப்ரரி) என்விரான்மென்ட், கவரேஜ் (எவ்வளவு சோதிச்சோம்ங்கற அளவு) நூறு சதவீதம். ட்ரெய்னிங்ல குடுத்த கோடு அது, பேர மட்டும் மாத்தியிருப்பாங்க. இன்டர்வியூ எடுக்கறவர் இத வாரத்துக்கு எத்தனை தடவ பாத்திருப்பார்னு யோசிச்சுட்டு நான் பெருசா எதுவும் வேணாம், ஒரே ஒரு அசிங்க்ரனஸ் ஃபிஃபோ (முதல்ல போன டேட்டா முதல்ல வெளிய வர்ற வரிசை, எழுதறதுக்கும் படிக்கறதுக்கும் தனித்தனி கிளாக்) போதும், ஆனா அத அடி ஆழம் வரைக்கும் தோண்டணும்னு முடிவு பண்ணேன். டூல் இல்லையேன்னு கவலைப்பட வேணாம், ஈடிஏ ப்ளேகிரவுண்ட்ங்கற வெப்சைட்ல ப்ரவுசர்லயே சிஸ்டம்வெரிலாக் (டிசைனும் டெஸ்ட்டும் எழுதற மொழி), யூவிஎம் ரெண்டும் ஓடும். சிஸ்டம்வெரிலாக் ஸ்டாண்டர்ட் ஐட்ரிபிள்ஈ 1800, அதோட 2023 பதிப்பக்கூட காசு குடுக்காம டவுன்லோட் பண்ணலாம். முழுசா படிக்கிற புத்தகம் இல்ல அது, சந்தேகம் வர்றப்ப தேடிப் பாக்கறதுக்கு.

டெஸ்ட்பெஞ்ச், அதாவது சோதனைக் கோடு, வழக்கமானதுதான்: இன்புட் குடுக்கற டிரைவர், நடக்கறத கவனிக்கற மானிட்டர், வந்த டேட்டா சரியான்னு ஒப்பிடற ஸ்கோர்போர்டு. பாஸ்னு வந்ததும் நிறுத்தாம அடுத்து ஒண்ணு செஞ்சேன், வேலை வாங்கிக் குடுத்தது அதுதான்னு இன்னைக்கும் நம்பறேன். டிசைன்ல வேணும்னே பக் வச்சு, எது மாட்டுது எது தப்பிக்குதுன்னு பாத்தேன். ரெண்டு பக் தப்பிச்சுது. ஒண்ணு, ஃபிஃபோ முழுசா நிரம்பறதுக்கு ஒரு எடம் முன்னாடியே ஃபுல் சிக்னல் குடுக்கற மாதிரி மாத்தினது. போன டேட்டா எல்லாம் வரிசை மாறாம சரியா வெளிய வருது, அதனால ஸ்கோர்போர்டு வாயே தெறக்கல, ஆனா 16 எடம் இருக்கற ஃபிஃபோ 15 எடத்தோட ஓடிக்கிட்டிருக்கு. ரீட நிறுத்தி வச்சுட்டு ஃபுல் வர்ற வரைக்கும் எழுதி எத்தனை உள்ள போச்சுன்னு எண்ணற டெஸ்ட் தனியா எழுதினாத்தான் அது மாட்டும். இன்னொண்ணு இன்னும் சுவாரசியம். எந்த எடத்துல எழுதணும், படிக்கணும்னு காட்டற பாயின்டர், ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிட்டு மாறற க்ரே கோடுல அனுப்புவாங்க; அத எடுத்துட்டு சாதா பைனரி பாயின்டரயே அடுத்த கிளாக் பக்கம் அனுப்பினேன், எல்லா டெஸ்ட்டும் பச்சை! நிஜ சிப்ல பைனரில பல பிட்டு ஒரே சமயத்துல மாறும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்ன பின்ன வந்து சேரும், அந்தப் பக்கம் கண்டபடி ஒரு நம்பர பிடிச்சுடும். ஆர்டிஎல் சிமுலேஷன்ல எல்லா பிட்டும் ஒரே நொடில மாறிடுது, மெட்டாஸ்டெபிலிட்டின்னு (0-வா 1-ஆன்னு முடிவாகாம தொங்கற நிலை) ஒண்ணே கிடையாது, அதனால தெரியாது. இதுக்குத்தான் சிடிசி (ஒரு கிளாக்லேர்ந்து இன்னொரு கிளாக்குக்கு சிக்னல் தாண்டறது) செக்கர்னு தனி டூல் வச்சிருக்காங்க.

எழுத்து டெஸ்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, டிஜிட்டல் பேசிக்ஸ், செட்டப் ஹோல்டு (கிளாக் அடிக்கறதுக்கு முன்னயும் பின்னயும் டேட்டா மாறாம இருக்க வேண்டிய நேரம்), சீக்வென்ஸ் டிடெக்டர் (குறிப்பிட்ட பிட் வரிசைய கண்டுபிடிக்கற சர்க்யூட்), கொஞ்சம் சி. சில எடத்துல அதோட சரி, பதிலே வரல.

வேலை கெடச்ச எடத்துல முதல் ரவுண்டு சிஸ்டம்வெரிலாக். ஃபார் லூப்புக்குள்ள ஃபோர்க் ஜாயின்நன் (தனி ப்ராசஸ கெளப்பிவிட்டு, அது முடிய காத்திருக்காம அடுத்ததுக்குப் போறது) போட்டு உள்ள லூப் எண்ணிக்கை ஐ-ய பிரின்ட் பண்ணா என்ன வரும்னு கேட்டாங்க. மூணு தடவ சுத்தற லூப்னா 0, 1, 2 வராது, மூணுமே 3-தான் வரும். ஏன்னா ஃபோர்க் பண்ண ப்ராசஸ் எல்லாம் பேரன்ட் ஒரு எடத்துல நிக்கற வரைக்கும் ஓட ஆரம்பிக்கவே மாட்டுது, அதுக்குள்ள லூப் முடிஞ்சிருக்கும். உள்ள, ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா வர்ற ஒரு ஆட்டோமேட்டிக் வேரியபிள்ல காப்பி எடுத்துக்கணும். அப்புறம் ஏஎக்ஸ்ஐல அனுப்பறவன் ரெடி ('வாங்க தயார்' சிக்னல்) வர்ற வரைக்கும் வேலிட் ('டேட்டா இருக்கு' சிக்னல்) குடுக்காம காத்திருக்கலாமான்னு கேட்டாங்க. கூடாது. வாங்கறவன் வேலிட்டப் பாத்துட்டு ரெடி குடுக்கலாம், அது பரவால்ல, ஆனா ரெண்டு பேரும் 'நீ முதல்ல'ன்னு நின்னா டெட்லாக்.

ரெண்டாவது ரவுண்டுல ஒரு சீனியர், ரெஸ்யூமேவ கீழ வச்சுட்டு, "சரி, உங்க ஃபிஃபோ சரியா வேலை செய்யுதுன்னு எப்படி சொல்றீங்க?"ன்னார். கவரேஜ் நம்பர சொல்லாம அந்த தப்பிச்ச ரெண்டு பக்கையும் சொன்னேன். அதுவரைக்கும் சாஞ்சு உக்காந்திருந்தவர் நிமிந்து பேனாவ எடுத்தார், அப்புறம் நேரம் போனதே தெரியல. ஃபுல்லா இருக்கறப்ப ரீடும் ரைட்டும் சேந்து வந்தா? நடுவுல ஒரு பக்கம் மட்டும் ரீசெட் ஆனா? கோடு கவரேஜ் (எந்தெந்த லைன் ஓடுச்சுங்கற கணக்கு) நூறு வந்தும் பக் இருக்குமா? கடைசி கேள்விக்கு, எழுதாம விட்ட ஃபீச்சருக்கு கோடே இல்ல, இல்லாத லைன கோடு கவரேஜ் எப்படி காட்டும், அதனால ஸ்பெக்கப் பாத்து, எந்தெந்த நிலைமைய சோதிச்சோம்னு எண்ணற ஃபங்ஷனல் கவரேஜ் எழுதணும்னேன். இன்டெல் பென்டியம் சிப்ல 1994-ல தெரிய வந்த வகுத்தல் பிழைய உதாரணமா சொன்னேன், லுக்அப் டேபிள்ல சில என்ட்ரி விட்டுப்போய் இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவு வச்ச கதை. "அதுக்கு கவர்பாயின்ட் எங்க வைப்பீங்க?"ன்னு, அதாவது கவரேஜ்ல எத எண்ணுவீங்கன்னு, உடனே திருப்பினார். டேபிளோட ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பின், அதாவது தனியா எண்ணற ஒரு கட்டம்னு சொன்னேன். அடுத்து, அந்த செல்லுக்கெல்லாம் போய்ச்சேர்ற மாதிரி கன்ஸ்ட்ரெய்ன்ட் (ராண்டமா வர்ற இன்புட்டுக்கான கட்டுப்பாடு) எழுதச் சொன்னார், அதுல திணறினேன், ரெண்டு பேரும் சேந்தே போர்டுல போட்டுப் பாத்தோம்.

யூவிஎம் ஃபேக்டரி (ஆப்ஜெக்ட் உருவாக்கற வசதி), ஃபேஸ் (டெஸ்ட் ஓடற கட்டங்கள்) பத்தி கேட்டது ரெண்டே கேள்வி. எச்ஆர் ரவுண்டு வழக்கம்போல.

ஆஃபர் வந்து சேர்ற வரைக்கும் கெடச்ச கேப்ல லினக்ஸ், கிரெப் (ஃபைல்ல வார்த்தை தேடற கமாண்ட்), கிட் (கோடு மாற்றங்கள பதிஞ்சு வைக்கற டூல்), கொஞ்சம் பைத்தான் பழகிக்கிட்டேன், சேர்ந்ததும் அதுதான் முதல்ல உதவிச்சு. ராத்திரி ஓடின ரெக்ரெஷன்ல (எல்லா டெஸ்ட்டையும் மொத்தமா ஓட்டறது) ஃபெயிலான டெஸ்ட்ட எல்லாம் எரர் மெசேஜ் வாரியா பிரிச்சு, அதே சீட் நம்பர (அதே ராண்டம் இன்புட் திரும்ப வர வைக்கற எண்) போட்டு திரும்ப ஓட்டி, பக் டிசைன்லயா டெஸ்ட்பெஞ்ச்லயான்னு சொல்றதுதான் எனக்கு குடுத்த முதல் வேலை. பாதிக்கு மேல டெஸ்ட்பெஞ்ச் பக்தான்.