விளக்கின் கீழ்: நவம்பர், டிசம்பர்

நவம்பர் 14, சோன்டர்போர்க், டென்மார்க்
ஆர்கானிக் சூரிய செல்களின் புது செட் விளக்கின் கீழ் போயாயிற்று. மூடாமல், காற்றில். டிஐஓ (டையயோடோஆக்டேன் என்ற சேர்க்கைத் திரவம்) சேர்த்த செல்கள் இடது பக்கம், சேர்க்காதவை வலது பக்கம். முதல் அளவீட்டில் இடது பக்கம் திறனில் நன்றாகவே முந்தி நிற்கிறது. இதை நம்பக் கூடாது.

நவம்பர் 15
அப்பாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 17
டிஐஓவை வெறுக்கவும் முடியவில்லை. 2007-இல் சான்டா பார்பரா குழு ஆல்க்கேன் டைதயால் என்ற சேர்க்கையைச் சில துளி விட்டு, செல்லின் திறனை 2.8 சதவீதத்திலிருந்து 5.5-க்குக் கொண்டுபோனது. அந்தக் கட்டுரையை எத்தனை தடவை படித்தாலும் சிலிர்க்கிறது. டையயோடோஆக்டேன் அதே குடும்பத்து வேலைதான் செய்கிறது. ஒளி பட்டு உண்டாகும் எக்ஸிட்டான், அதாவது இன்னும் பிரியாத மின்னூட்ட ஜோடி, பத்து நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். அதற்குள் எலக்ட்ரானைத் தரும் பாலிமரும் அதை வாங்கும் ஃபுல்லரினும் சந்திக்கும் எல்லை வராவிட்டால் அது வீண். ரொம்பப் பொடியாகக் கலந்துவிட்டாலோ, பிரிந்த மின்னூட்டம் வெளியேற வழி கிடைக்காது. கரைப்பானான குளோரோபென்சீன் 131 டிகிரியில் கொதிப்பது, படலம் சுழலும்போதே பறந்துவிடும். டிஐஓவின் கொதிநிலை 300-க்கும் மேலே. அது பின்தங்கி நின்று ஃபுல்லரினைக் கரைசலிலேயே பிடித்து வைக்கிறது, பாலிமர் நிதானமாக அடுக்கிக்கொள்கிறது.

அதே கொதிநிலைதான் சங்கடமும். வேலை முடிந்த பிறகும் போகாது. புற ஊதா பட்டால் கார்பன்-அயோடின் பிணைப்பு உடைந்து, அயோடின் ரேடிக்கல் பக்கத்திலிருக்கும் பாலிமரை அரிக்க ஆரம்பிக்கிறது.

நவம்பர் 18
நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. விளக்கு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 22
அம்மா பேசினாள். டயட் சீட்டில் முருங்கைக்கீரைக்கும் தடை போட்டுவிட்டார்களாம், பொட்டாசியம் என்று. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாராம். “நீ சொன்னா கேப்பாருடா.” என்ன சொல்வது?

நவம்பர் 26
இடது பக்கம் வலதுக்குக் கீழே இறங்கிவிட்டது. தெரிந்ததுதான், ஆனாலும் கர்வைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

குழுக் கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் “எத்தனை சதவீதம்?” இப்போதெல்லாம் 20-ஐத் தாண்டிய செல்கள் வருகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் டி80, அதாவது தொடங்கிய திறனில் 80 சதவீதத்துக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது, தலைப்பில் வருவதே இல்லை. சிலிக்கான் பேனலுக்கு 25 வருட வாரண்டி தருகிறார்கள். கூரையில் ஏற்றும் மனிதனுக்கு அந்த எண்தான் முக்கியம். எனக்கும்.

டிசம்பர் 1
மெத்தனாலில் அலசிய செட். டிஐஓ வெளியேறுகிறது, அது உண்டாக்கிய அமைப்பு அப்படியே நிற்கிறது. உயர் வெற்றிடத்தில் வைத்தாலும் இதே பலன்தான், நேரம்தான் அதிகம். சுருள் சுருளாக அச்சடிக்கும் இயந்திரம் அவ்வளவு நேரம் காத்திருக்குமா? இதைவிட நல்லது, தானாகவே ஆவியாகிவிடும் திடச் சேர்க்கை. 2018-லிருந்து அந்த வழியில் பலர் போகிறார்கள். படலத்தைச் சூடாக்கினால் கிளம்பிவிடும்.

டிசம்பர் 3
அப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. கிரியேட்டினின் 4.1. போன முறை 3.6.

டிசம்பர் 5
போகச் சொல்ல வேண்டிய சேர்க்கை ஒன்று. இருந்து காக்க வேண்டியது இன்னொன்று. பீட்டா கரோட்டின் இரண்டாவது வகை. இலைக்குள் குளோரோஃபில் பக்கத்திலேயே அது நிற்பதற்குக் காரணம் இருக்கிறது: சிங்க்லெட் ஆக்சிஜன், அதாவது ஆற்றல் ஏறி எதையும் அரிக்கத் துடிக்கும் ஆக்சிஜன், உண்டானால் அதன் ஆற்றலை வாங்கி வெப்பமாக விட்டுவிடும். ஆர்கானிக் செல்லுக்குள்ளும் அதே ஆக்சிஜன்தான் எதிரி. 2019-இல் இதைச் செல்லில் சேர்த்துக் காட்டிய கட்டுரை இந்த ஊர் ஆட்களுடையது, அதனால் தனிப் பாசம்.

அளவுதான் பிரச்சினை. கூடினால் 450 நானோமீட்டர் பக்கத்து ஒளியைத் தானே விழுங்கிவிடும், மின்னூட்டப் பாதையிலும் குறுக்கே நிற்கும். குறைத்தால் காவல் போதாது. அதுவும் மெல்ல வெளிறிப்போகும் பொருள்தான், எல்லாக் காலத்துக்கும் காக்காது. ஆனாலும் செய்ய வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். “கேரட்ல இருக்கறதா?” என்றாள். கீரையிலும் இருக்கிறது என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 8
தூக்கமில்லை. சென்னை டிக்கெட் விலை மறுபடி ஏறியிருக்கிறது.

டிசம்பர் 9
கரோட்டின் செட் தயார். மூன்று அளவுகள், எதிலும் டிஐஓ இல்லை. ஃபில் ஃபாக்டர் (மின்னூட்டம் எவ்வளவு தடையின்றி வெளியேறுகிறது என்பதைக் காட்டும் எண்) நடு அளவுக்கு நன்றாக இருக்கிறது. தொடக்கத் திறன் குறைவு, பரவாயில்லை. சாயங்காலம் விளக்கின் கீழ் வைத்தேன்.

டிசம்பர் 10
காலை அளவீட்டில் நடுச் செட் அசையவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள், திருப்பிக் கூப்பிட வேண்டும்.