சௌராஸ்தா மாடியில் கிடைத்த புத்தகம்

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடையொன்றில் ஸ்காட் கன்னிங்ஹாமின் விக்கா கையேடு கிடைத்தது. விக்கா என்பது இயற்கை வழிபாடும் மந்திரச் சடங்குகளும் கலந்த நவீன சமயம். 1988இல் வந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, பத்து வெள்ளி.

அம்மா அட்டையைப் பார்த்ததும், "வெள்ளிக்கிழமை அதுவுமா சூனியப் புத்தகத்தத் தூக்கிக்கிட்டு வர்றியே!" என்றார். அப்புறம் நான் ஊதுவத்தி பற்றிய பக்கத்தை வாசித்துக் காட்ட, "இதுக்குப் புத்தகம் வேறயா?" என்று சாம்பிராணி போடப் போய்விட்டார்.

குழு இல்லாமல் தனியாகப் பழகுபவருக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் குளிர்காலச் சூரியத் திருப்பத்துக்கு நெருப்பு மூட்டச் சொன்னால், டிசம்பர் பினாங்கில் வியர்த்துத்தான் கொட்டும்.

வரலாறு வேண்டுமானால் ரொனால்ட் ஹட்டனின் 1999 நூலைத் தேடுங்கள். கனமான வாசிப்புதான். விக்கா 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதை ஆதாரத்தோடு காட்டுகிறார். 'ஆதிகாலத்து ரகசியம்' என்று அட்டையிலேயே கூவும் புத்தகங்களை நான் இப்போது தொடுவதில்லை.

இன்னொன்று: விக்காவை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் நம்ம ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர். 1936இல் மலாய்க் கிரிஸ் கத்திகளைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தைத்தான் அடுத்த சனிக்கிழமை மாடியில் தேடப் போகிறேன்.