ஜூலையில் இரண்டு சூப்பர்

"சூப்பர் கட்டிவிட்டீர்களா?" என்று நான் தொலைபேசியில் கேட்டது காதில் விழுந்ததும், "யாரை இப்படிப் பாராட்டுகிறாய்?" என்றார் அம்மா. ஆஸ்திரேலியாவில் சூப்பர் என்பது பாராட்டு அல்ல, தொழிலாளியின் ஓய்வுக்கால நிதி. சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி கட்ட வேண்டும். நான் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிரிஃபித் ஊர்ப் பக்கம் ஆறு பழத்தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். சில வாரங்களாக எல்லாத் தோட்டத்திலும் ஒரே பேச்சு: 2026 ஜூலை 1.

இதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். காலாண்டு முடிந்து 28 நாள் அவகாசமும் உண்டு. இனி, சம்பளம் கொடுத்த ஏழு வேலைநாட்களுக்குள் பணம் நிதியத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அனுப்பிய தேதி கணக்கில் வராது, சேர்ந்த தேதிதான். வாரச் சம்பளம் கொடுப்பவருக்கு ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது 52 முறை ஆகிறது.

இத்தாலிய வழிவந்த பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மிகவும் மனம் நொந்துபோனார். "நான் ஒரு நாளும் யாரையும் ஏமாற்றியதில்லையே!" உண்மைதான். ஆனால் கட்ட வேண்டிய நாள் வரும்வரை அந்தப் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் சும்மா இருக்கவில்லை. டீசலாகவும் உரமாகவும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயின் ஆலைகள் திராட்சைக்குத் தவணை தவணையாகத்தான் பணம் தருகின்றன. இடையில் விழும் பள்ளத்தை அடைத்தது பறிப்பவர்களின் சூப்பர். வட்டியில்லாக் கடன், அதுவும் கொடுத்தவருக்கே தெரியாமல். இதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, எனக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினார்.

சட்டத்தைவிட நாள்காட்டிதான் எனக்குப் பயம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான பழைய காலாண்டுத் தொகைக்கு ஜூலை 28 கடைசி நாள். அதற்குள் புதிய முறையும் ஓட ஆரம்பித்திருக்கும். அந்தப் பெரியவர் வியாழக்கிழமைகளில் சம்பளம் கொடுப்பவர். ஜூலை 2 அன்று கொடுக்கும் சம்பளத்துக்குச் சூப்பர் 13ஆம் தேதிக்குள் சேர வேண்டும், அடுத்தது 20, அதற்கடுத்தது 27. ஜூன் மாத வேலைக்கான கூலியாக இருந்தாலும், ஜூலையில் கொடுத்தால் புதிய விதிதான். நேவல் ஆரஞ்சு பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம் வேறு. பதினெட்டுப் பேர், ஆளுக்கு வாரம் 1,000 டாலர் என்று வைத்தாலும் வாரத்துக்கு 2,160 டாலர். ஆக 28ஆம் தேதிக்குள் காலாண்டுத் தொகையோடு 6,480 டாலரும் வெளியே போகும். இதற்காகத் தனி வங்கிக் கணக்கு ஒன்று திறக்க வைத்து, வாராவாரம் அதில் போட்டுவரச் சொல்லியிருக்கிறேன். முனகிக்கொண்டேதான் போடுகிறார்.

சிறு முதலாளிகளுக்காக வரித்துறை நடத்திய இலவசப் பட்டுவாடா சேவையும் ஜூலை 1 அன்று மூடப்படுகிறது. அந்தச் சேவையிடம் பணம் போய்ச் சேர்ந்த நாளே நிதியத்துக்குக் கட்டிய நாளாகக் கருதப்பட்டது. அந்தச் சலுகையும் அதோடு போகிறது. பழைய பதிவுகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி விவரங்கள்தான். நிதியத்தில் தொழிலாளிக்கு உள்ள உறுப்பினர் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் நிதியம் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும், நாள் கணக்கோ நிற்காது. தாமதமானால் தினக் கூட்டு வட்டி, அதற்கு மேல் 60 சதவீதம் வரை கூடுதல் தொகை. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் தவணைக்கு 20 வேலைநாள் உண்டு என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பையன் குயின்ஸ்லாந்துக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போயிருப்பான், கைபேசி எண்ணையும் மாற்றியிருப்பான்.

அதனால் சூப்பர் விவரப் படிவத்தை நிரப்பாதவருக்குப் பறிக்கும் பை கிடையாது என்று பெரியவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். போன வாரம் ஷெட்டுக்குப் போனால், கூலி நோட்டு தொங்கும் ஆணியிலேயே படிவக் கட்டு, நூலில் கட்டிய பேனா. மேலே இருந்த படிவத்தில், உறுப்பினர் எண்ணுக்கான கட்டத்தில் யாரோ கைபேசி எண்ணை எழுதியிருந்தார்கள். கூப்பிட்டேன். ஏணி மேல் நின்றபடியே எடுத்தார்.